ஒரு படக் கலைக்களஞ்சியம், மூன்று பதிப்புகள்

ஜப்பானின் முதல் படக் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க ‘கின்மோ ஸுயி’ 1666-இல் வெளிவந்தது. தொகுத்தவர் கியோட்டோவின் கன்ஃபூசிய அறிஞர் நகமுரா தெகிசாய். பிள்ளைகளுக்குப் பொருள்களையும் பெயர்களையும் கற்பிப்பதற்கான நூல் அது. வானம், மலை, வீடு, கருவி, விலங்கு, மீன், பூச்சி, செடி என 20 தொகுதிகள்.

முதல் பதிப்பில் பக்கத்துக்கு இரண்டே படங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. பெயரும் அதை வாசிக்கும் முறையும் சிறு குறிப்பும் அருகிலேயே இருக்கும். 1695 பதிப்பு பக்கத்தையே மாற்றிப் போட்டது. மேற்பகுதியைக் கோடிட்டுப் பிரித்து விளக்கங்களை அங்கே ஏற்றி, படங்களைக் கீழே சேர்த்தது. 1789-இல் ஷிமோகோபே ஷூசுய் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார். தனித்தனியே நின்ற உயிர்கள் ஒரே காட்சிக்குள் கூடின. கண்ணுக்கு அது விருந்துதான். ஆனால் ஓர் உயிரின் உருவத்தை ஐயமின்றி அறிய முதல் பதிப்பே மேல் என்பேன்.

இப்படிக் கண்ணில் படும் வேறுபாடுகள் எளியவை. ஒன்றுபோலவே தெரியும் இரு பிரதிகளில் எது முந்தியது என்று கண்டுபிடிப்பதுதான் நுட்பமான வேலை. இவை மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டவை. அச்சிட அச்சிட மெல்லிய கோடுகள் தேயும், பக்கத்தின் ஓரக்கோடு உடையும். உடைந்த இடம் தானாகச் சேராது. ஆகவே, ஒரே பலகையில் அச்சான இரு பிரதிகளில் உடைசல் கூடுதலாக உள்ளதே பொதுவாகப் பிந்தியது. சில சமயம் பழைய அச்சுத்தாளையே புதுப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன்மேலேயே செதுக்கிவிடுவார்கள். அந்த நகலில் கோடுகள் விறைத்திருக்கும், எழுத்துப்பரப்பும் சற்றே சுருங்கியிருக்கும். கடைசித் தாளில் உள்ள ஆண்டை மட்டும் நம்பக்கூடாது. பலகைகள் கைமாறும்போது, வாங்கிய புத்தகக்கடைக்காரர் பெயரை மாற்றிவிட்டுப் பழைய ஆண்டை அப்படியே விட்டுவைப்பதுண்டு.

இந்த ஒப்பீடு ஐரோப்பா வரை நீள்கிறது. 1690 முதல் 1692 வரை நாகசாகியின் தேஜிமாத் தீவில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர் இந்நூலின் பிரதியைக் கொண்டுசென்றார். அவர் எழுதிய ஜப்பான் வரலாறு 1727-இல் லண்டனில் வெளியானபோது, கின்மோ ஸுயியின் விலங்குப் படங்கள் அதில் செப்புத்தகட்டு அச்சில் ஏறின. 1695 பதிப்பு வருமுன்பே அவர் கப்பலேறிவிட்டார். அதனால் லண்டன் நூலிலுள்ள கிரின் என்ற கற்பனை விலங்கின் மூலத்தைத் தேடுபவர், தெகிசாயின் பழைய வடிவத்தைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.