செட்டரின் காதில் இருப்பது

ஓசூருக்கு அருகே உத்தனப்பள்ளி கூட்டுரோட்டில் விடியும் முன்பே இரண்டு வகை வண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப்போகும் மினி லாரிகள் ஒரு வகை. ஷிப்ட் மாற்ற ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் இன்னொரு வகை. ராகியும் தக்காளியும் ரோஜாவும் விளைந்த இந்த மேட்டு நிலத்தில்தான் ஐபோனின் உலோக மேற்கூட்டைச் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பள்ளிப்படிப்பையோ டிப்ளமோவையோ முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் ஒரு சிஎன்சி மெஷின் ஜப்பானிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, சில நாட்களில் ஓசூர் வந்து சேர்ந்துவிடும். அதை ஓட்டும் அறிவு எந்தக் கப்பலில் வருகிறது? பொறியியலிலும் உற்பத்தியிலும் கல்வியிலும் ‘அறிவுசார் அணுகுமுறை’ என்று பேசப்படுவதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான். பெயர் பெரிதாக இருப்பதால் கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது பட்டறைத் தரையில் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் கை விறைக்கும். மதியம் தகரக் கூரை தகிக்கும். 150 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 35 மைக்ரான் நீளும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. வீட்டில் கதவு செய்ய இது ஒரு பொருட்டே இல்லை. 20 மைக்ரானுக்குள் அளவு நிற்க வேண்டிய ஒரு பாகத்துக்கு இதுவே ரிஜெக்‌ஷன். அளவெடுப்பதற்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருப்பது இதனால்தான். பெரிய ஆலைகள் ஏசி போட்டு வெப்பத்தைக் கட்டிவைத்துக்கொள்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டைச் சந்துகளில் இருக்கும் சின்ன யூனிட்டுகளுக்கு அந்த வசதி ஏது? அங்கே ஏசியின் வேலையைச் செய்பவர், மெஷினை வேலைக்குத் தயார்செய்து அளவைச் சரிசெய்யும் செட்டர்.

காலையில் மெஷினை ஓடவிட்டதும் அவர் முதல் ஜாப்பை, அதாவது முதலில் வெட்டிவரும் பாகத்தை, நம்புவதில்லை. “மெஷின் இன்னும் சூடாகல” என்பார். சுழலும் அச்சான ஸ்பிண்டில் சும்மா சுற்றட்டும் என்று விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவார். பிறகு மெஷினில் பதியும் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டில் 10 மைக்ரானோ 15 மைக்ரானோ தட்டிவிடுவார். வெட்டும் சத்தம் கொஞ்சம் கரகரத்தாலே வெட்டும் துண்டான இன்சர்ட்டின் முனை மழுங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரும்பு வெட்டும்போது சுருள் கருநீலமாக மாறினால் வேகத்தைப் பார்ப்பார். இதில் எதுவும் மெஷினோடு வந்த புத்தகத்தில் இந்தப் பட்டறைக்கு, இந்தக் குளிருக்கு என்று எழுதப்பட்டிருக்காது. அவர் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு போட்டால் போதும், ரிஜெக்‌ஷன் பெட்டி நிரம்பும். அப்போதுதான் அவரிடம் என்ன இருந்தது என்று முதலாளிக்கே உறைக்கும்.

அறிவுசார் அணுகுமுறை என்பது செட்டரின் தலையில் இருக்கும் இந்த அறிவை மூன்று கேள்விகளால் பிரித்து எழுதி வைப்பது. எப்போது? என்ன செய்வது? ஏன்? ‘மெஷின் 8 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், முதல் ஜாப்புக்கு முன் 20 நிமிடம் சும்மா ஓடவிடு; ஏனென்றால் ஸ்பிண்டில் சூடேறும்போது நீளும், அது நிலைக்கு வந்த பிறகுதான் அளவு நிற்கும்.’ இப்படிச் சில நூறு விதிகள் சேர்ந்தால் அது அறிவுத்தளம். ஒரு கம்ப்யூட்டர் அந்த விதிகளைக் கோத்துப் பார்த்து, ‘இன்று இந்தப் பிழைக்கு இதுதான் காரணமாக இருக்கலாம்’ என்று சொன்னால் அதற்கு நிபுணர் அமைப்பு என்று பெயர்.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், வாடிக்கையாளர் கேட்ட கம்ப்யூட்டருக்கு எந்தெந்தப் பாகங்கள் பொருந்தும் என்று முடிவுசெய்ய எக்ஸ்கான் என்ற அமைப்பைப் பயன்படுத்தியது. சில நூறு விதிகளில் தொடங்கிய அது பல ஆயிரம் விதிகளாக வளர்ந்தது. நிறையப் பணத்தையும் மிச்சப்படுத்தியது. ஆனால் புதுப் பாகங்கள் வர வர விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் திருத்துவதே தனிப் பெரிய வேலையாகிவிட்டது. எழுதிவைத்த அறிவும் ஊறுகாய் ஜாடி போலத்தான். கிளறாமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை. 1986-ல் மத்திய மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் அறிவுசார் கணினி அமைப்புகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அதில் நிபுணர் அமைப்புகளுக்கான மையமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சென்னை ஐஐடி. அங்கே சிவில் இன்ஜினீயரிங் துறையில் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணமூர்த்தி, எஸ். ராஜீவுடன் சேர்ந்து பொறியாளர்களுக்காகச் செயற்கை நுண்ணறிவும் நிபுணர் அமைப்புகளும் பற்றி எழுதிய நூல் 1996-ல் வெளிவந்தது. இன்று ஏஐ என்ற சொல் கேட்டதும் மிரள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்: ஒரு கட்டடத்தை வடிவமைக்கும் மூத்த இன்ஜினீயரின் அனுபவத்தை விதிகளாக்க முடியுமா என்ற ஆராய்ச்சி கிண்டி காட்டுக்குள் அப்போதே நடந்துகொண்டிருந்தது.

கஷ்டம் எங்கே என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இல்லை கஷ்டம். நிபுணரின் தலையிலிருந்து அறிவை வெளியே எடுப்பதுதான் குறுகலான வழி என்று இந்தத் துறையின் முன்னோடியான எட்வர்ட் ஃபெய்கன்பாம் சொல்லிவந்தார். செட்டரிடம் போய், “எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டால், “பார்த்தாலே தெரியுதுல்ல” என்பார். மழுப்பல் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. கைக்குத் தெரிந்தது வாய்க்கு வர நேரமாகும்.

ஜப்பானில் இதற்கு அழகான ஒரு நிகழ்வு உண்டு. 1980-களின் நடுவில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றைச் செய்யப் பார்த்தது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. இக்குகோ தனாகா என்ற பெண் மென்பொருள் பொறியாளர், ஒசாகாவில் நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சிக்கு நின்றார். மாவைப் பிசையும்போது அவர் அதை ஒரு விதமாக முறுக்கி இழுக்கிறார் என்பது பக்கத்தில் நின்று பிசைந்தபோதுதான் தெரிந்தது. அந்த இழுப்பு வரும்படி இயந்திரத்தின் உள்சுவரில் வரம்புகள் வைத்தார்கள், ரொட்டி உப்பியது. பேட்டி எடுத்திருந்தால் அந்த முறுக்கு கிடைத்திருக்காது.

ஓசூரின் சொந்தக் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. 1970-களில் சிப்காட் வந்தபோது இது தர்மபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த சிறிய ஊர்; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட் வந்தது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிலையே பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளி முடித்த கையோடு அழைத்துவந்து பயிற்சி கொடுத்தது. உப்புக்கல்லைவிடச் சிறிய பாகங்களைச் சாமணத்தால் எடுத்துப் பொருத்தக் கற்றுக்கொண்டார்கள். அந்த நிறுவனம் 2002-ல் 3.5 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தை வெளியிட்டது. அதே 2002-ல் டிவிஎஸ் மோட்டார் தரத்துக்கான டெமிங் பரிசைப் பெற்றது. உலகில் வேறெந்த இருசக்கர வாகன நிறுவனமும் அதுவரை அதைப் பெற்றதில்லை. ராகி வயலிலிருந்து மைக்ரானுக்கு வர இந்த மண்ணுக்கு ஒரு தலைமுறைகூட முழுதாகத் தேவைப்படவில்லை.

அந்தத் தலைமுறைக்கு இப்போது என்ன வயது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1987-ல் 18 வயதில் சேர்ந்தவருக்கு 2027-ல் 58 ஆகிறது. ஓய்வு வயது. சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வழியனுப்பும்போது, நாற்பதாண்டு சத்தம் கேட்டுப் பழகிய ஒரு காதும் கேட் பாஸைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறது. உத்தனப்பள்ளியில் புது லைன்கள் தொடங்குவதும் ஓசூரின் முதல் தலைமுறை வீட்டுக்குப் போவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு இதுதான் காரணம்.

எழுதிவைப்பதில் இந்த எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். இப்போது லைனில் ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. மேனேஜர் ஆங்கிலத்தில் ஒட்டிவைக்கும் வேலைக் குறிப்பு சுவருக்கு அழகு, அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் ஒரே விஷயம், பெரிய படம், நாலு வரி என்ற ஜப்பானிய முறையில் எழுதப்படும் குறிப்புகள் இங்கு நன்றாக எடுபடக் காரணம் இதுதான். படத்தில் சரியானதையும் தப்பானதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் மொழித் தடை பாதி நீங்கிவிடும். மீதிப் பாதியான ‘ஏன்’ என்பதை மட்டும் அவரவர் மொழியில் சொல்லியே ஆக வேண்டும்.

‘ஏன்’ இல்லாத விதி ஆபத்தானதும்கூட. அலுமினியத்துக்கு நிறமேற்றும் ஆனோடைசிங் வேலையில் கந்தக அமிலத் தொட்டிகள் உண்டு. அமிலத்தைத்தான் தண்ணீரில் மெல்ல ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பது பள்ளிப் பாடம். மனப்பாடம் செய்தவர் அவசரத்தில் மாற்றிச் செய்துவிடுவார். கலக்கும்போது கடும் சூடு கிளம்பும், மேலே விழுந்த கொஞ்சம் தண்ணீர் சட்டென்று கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும் என்பதைத் தெரிந்தவர் கை தானாக நிற்கும். 2024 செப்டம்பர் 28 காலை உத்தனப்பள்ளி அருகேயுள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது இந்த வட்டாரமே பதறியது. ரசாயனத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அதன் குணத்தைச் சொல்லிக்கொடுப்பது பயிற்சியில் மிச்ச நேரத்துக்கு விட்டுவைக்கிற பாடம் இல்லை.

கல்விக்கு வருவோம். கணக்கு வாத்தியார் ஒருவர் கொடுத்த கழித்தலில் பையன் 52-லிருந்து 17 போனால் 45 என்று எழுதுகிறான். 83-லிருந்து 29 போனால் 66 என்கிறான். தப்பு என்று சிவப்பு மையில் கோடு போடுவது எளிது. கூர்ந்து பார்த்தால் பையன் ஒழுங்காக ஒரு விதியைப் பின்பற்றுவது தெரியும்: மேலே இருப்பதோ கீழே இருப்பதோ, பெரியதிலிருந்து சின்னதைக் கழி. 1978-ல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் குழந்தைகளின் இப்படிப்பட்ட பிழை விதிகளைத் தொகுத்து, எந்தப் பிள்ளையிடம் எந்தப் பிழை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு கணினி அமைப்பையே உருவாக்கினார்கள். சரியான விடை தெரிந்த கம்ப்யூட்டர் அப்போதே நிறைய இருந்தது. தப்பைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர்தான் புதிது.

ஐடிஐ வகுப்பில் இதையே வெர்னியர் அளவுகோலில் பார்க்கலாம். தாடைகளை மூடினால் பூஜ்யத்துக்குப் பதில் 0.04 மில்லிமீட்டர் காட்டுகிறது. பாகம் 25.10 காட்டுகிறது. உண்மை அளவு 25.06. மாணவர் கழிப்பதற்குப் பதில் கூட்டி 25.14 என்கிறார். அவருடைய எல்லா அளவுகளும் சரியாக 0.08 அதிகமாக வரும், பூஜ்யப் பிழையின் இரண்டு மடங்கு. பழுத்த பயிற்றுநர் விடைகளை ஓட்டிப் பார்த்ததுமே, “கூட்டிட்டியாப்பா?” என்பார். எந்தப் பிழை எந்தத் தப்பெண்ணத்திலிருந்து வருகிறது என்ற இந்த அறிவும் செட்டரின் காது போலத்தான், எழுதப்படாமல் ஓய்வு பெற்றுப் போகிறது.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மாற்ற முன்வந்தது பெரிய காரியம். ரோபாட்டும் சிஎன்சியும் இல்லாத கட்டடத்தில் படித்துவிட்டு வந்து ஆலையில் முழிக்கும் நிலை மாறத்தான் வேண்டும். அந்தக் கருவிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஓய்வுபெற்ற டிவிஎஸ், டைட்டன், லேலண்ட் செட்டர் ஒருவரை வாரம் இரண்டு நாள் உட்காரவைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? என் கணக்கில் அந்த நாற்காலி ரோபாட்டுக்குச் சமம். மேனுவலைக் கொடுத்தால் கேள்விக்குப் பதில் சொல்லும் ஏஐ இப்போது கைபேசியிலேயே வந்துவிட்டது, நல்லதுதான். மேனுவலில் இல்லாததை அது எங்கிருந்து சொல்லும்? தகரக் கூரையின் மதிய வெயிலை யாராவது முதலில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

எழுதிக்கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பேசாமல் விட முடியாது. தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டால் நாளை நம்மை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயம் நியாயமானது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பயம் இரட்டிப்பு. தொழிலாளியின் அறிவைக் கறந்துகொண்டு அவரை வெளியே விடும் ஆலை, அடுத்தவரின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. குறிப்பின் அடியில் சொன்னவர் பெயர் இருக்கட்டும். சம்பள உயர்வுக்கு அது கணக்கில் வரட்டும். பஸ்ஸில் வரும் அந்தப் பெண்கள் ஸ்க்ரூ முறுக்கும் ஆபரேட்டராகவே நின்றுவிடாமல், எழுதவும் திருத்தவும் தெரிந்த செட்டராகும் வழி திறந்திருக்கட்டும்.

அறிவு ஆலைச் சுவருக்குள் மட்டும் இல்லை என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 2023-ல் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்து உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் பல மாதம் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த மேட்டில் எந்த மாதம் தக்காளி நாற்று நட்டால் ராயக்கோட்டையில் விலை கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அதே மாவட்டத்தில் தளியில் இஸ்ரேல் கூட்டுறவோடு மலர் சாகுபடிக்கு ஒரு மகத்துவ மையம் நடக்கிறது. அங்கே உரமும் நீரும் எப்போது எவ்வளவு என்பது அளந்து எழுதிக் கற்றுத்தரப்படுகிறது. தக்காளிக்காரரின் மேட்டு அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நிலம் கைமாறும் நாளில் அதற்கு இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஓசூர் பட்டறைகளில் டூல் கிரிப் பெட்டிக்குப் பக்கத்து டிராயரை இழுத்தால், பெரும்பாலும் எண்ணெய்க் கறை படிந்த ஒரு 40 பக்க நோட்டு கிடக்கும். ஆஃப்செட் எண்கள், ஏதோ ஒரு தேதி, ஓரத்தில் பென்சிலில் ‘காலை +12, மதியம் விட்டுடு’. ஏன் விட்டுவிட வேண்டும் என்று அதில் இருக்காது. எழுதியவர் இன்னும் இரண்டாவது ஷிப்டில் இருக்கிறார். இன்றைக்கே போய்க் கேட்கலாம்.