படத்துக்கு அளவு எடுப்பது யார்?

கோலார் தங்கவயலில் தங்கம் மட்டுமா கிடைத்தது? 1965இல் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயமும் கிடைத்தது! சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது.

மின்னேற்றமுள்ள துகள் ஒன்று ஊடே பாய்ந்தால், அருகில் நிற்கும் பிளாஸ்டிக் பலகைகள் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். உடனே குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் போகும். துகள் கடந்த குழாய்கள் மட்டும் பளிச்சிடும். கேமரா தானாகவே படம் பிடித்துவிடும். படத்தில் புள்ளிகள் விழும். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு.

அந்தக் கோட்டின் சாய்வில்தான் சங்கதியே இருக்கிறது. வானிலிருந்து வரும் மியூயான் துகள்கள் அவ்வளவு ஆழத்துக்குப் பெரும்பாலும் செங்குத்தாகத்தான் வந்துசேரும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறை அதிகம், நடுவழியிலேயே நின்றுபோகும். அப்படியென்றால் பக்கவாட்டில் ஓடிய துகள் எங்கிருந்து வந்தது? பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்தது! படம் எடுத்தது கருவி. ஃபிலிமைப் பார்த்துச் சாய்வை அளந்தது மனிதர்கள்.

இன்று அளக்கும் வேலையையும் கருவியே செய்கிறது. உதாரணத்துக்கு, வலைப்பக்கம் திரையில் சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்கும் கணினி நிரல்களைப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். திரையின் மேல் இடது மூலை பூஜ்யம். சுரங்கத்தின் ஆழம் போலவே, கீழே இறங்க இறங்க எண் கூடும். ஒரு படம் இடமிருந்து 100ஆவது பிக்சலில் தொடங்குகிறது, அகலம் 300 என்று வையுங்கள். வலது ஓரம் 400இல் முடியும். செல்போன் திரையின் அகலம் 360தான் என்றால், 40 பிக்சல் வெளியே போய்விட்டது! நிரல் கண்டுபிடித்து எச்சரிக்கும்.

எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதற்கும் எண் உண்டு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் ஒளி வேறுபாடு 21க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் விதி. வெளிர் சாம்பலில் எழுதி நம் தாத்தா பாட்டிகளைத் திண்டாட வைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

கணினி கிடைத்தால் பிரவுசரில் ஒரு படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைச் சொடுக்குங்கள். அகலமும் உயரமும் எண்ணாகத் தெரியும். பிறகு சன்னலைக் குறுக்கிப் பாருங்கள். எண் மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.