மடியே முதற் பள்ளி: மழலைக்கு ஏற்ற பாட்டும் அட்டைப் புத்தகமும்

ஒரு வயதுக் குழந்தைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்ற வினா பலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். எழுத்தறியாப் பருவத்தில் புத்தகம் எதற்கு, பள்ளிக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோரே எம்மவருள் மிகுதி. புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இவ்வெண்ணத்திற்குக் கொடுக்கும் விலை பெரிது. பிள்ளை பள்ளிக்குச் செல்லும் நாளில் அதன் நாவில் எந்த மொழி குடியேறியிருக்கும் என்பது, அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மடியில் கேட்ட சொற்களையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

குவைத் நாட்டின் ஃபர்வானியாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் ஆறு ஆளுநர் பிரிவுகளுள் ஒன்றான இதில்தான் அப்பாசியா என்று எம்மவர் அழைக்கும் ஜிலீப் அல் சுயூக்கும் கைத்தானும் அடங்குகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல இங்குள்ள மாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அடுத்த வீட்டில் மலையாளம், மின்தூக்கியில் இந்தி, தெருவில் அரபு, தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகள் குழந்தையின் காதில் விழுகின்றன. கோடையில் வெயில் ஐம்பது பாகையைத் தொடுவதால், பகலில் குழந்தையை வெளியே கொண்டுசெல்ல இயலாது. ஊரில் என்றால் திண்ணையில் பாட்டி இருப்பார், முற்றத்தில் சித்தி இருப்பார், வேலிக்கு அப்பால் அயலவர் குரல் கேட்கும். இங்கோ தாயின் குரல் ஒன்றே தமிழ். அவரும் வேலைக்குச் செல்பவராயின் அதுவும் மாலையில்தான்.

வளைகுடாவில் வாழ்வது தொழில் அனுமதியை நம்பிய வாழ்வு. இக்காமா முடிந்தால் பெட்டி கட்டவேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் குவைத் இணையவில்லை. எனவே நாடிழந்து வந்தவருக்கும் அங்கே நிலையான புகலிடம் இல்லை. ஃபர்வானியாவில் பிறந்த குழந்தை நாளை தஞ்சாவூரிலோ, ரொறன்ரோவிலோ, ஒஸ்லோவிலோ வளரக்கூடும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் பள்ளி மாறும், தெரு மாறும், தோழர் மாறுவர். மாறாமல் உடன்செல்லக் கூடியது மடியில் கேட்ட மொழி. ஆகவே மழலையருக்கான பாட்டையும் புத்தகத்தையும் தெரிந்தெடுப்பது எமக்கு ஒரு பொழுதுபோக்கு அன்று.

முன்னோர் வகுத்த மாதக் கணக்கு

எந்த வயதில் எதைக் கொடுப்பது? இதற்கு விடைதேட வேற்றுநாட்டு வழிகாட்டிகளை நாடுமுன், எம்மிடம் இருப்பதைப் பார்த்தல் நன்று. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பின்னர் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைப் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நபிகள் நாயகத்தின்மீதும் பிள்ளைத்தமிழ் எழுந்தது. சமயம் எதுவாயினும் பருவங்களின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே.

பாட்டியல் நூல்களிடையே சிறு வேறுபாடுகள் உண்டெனினும், பொது வழக்கில் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினோராம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வாருகை, பதினைந்தாம் மாதம் அம்புலி என்பர். ஆண் குழந்தைக்கு அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர். செங்கீரை தலைநிமிர்த்தி ஆடும் பருவம். தால் என்பது நாக்கு. நா அசையத் தொடங்கும் பருவம் அது. சப்பாணி கைகொட்டும் பருவம். வாருகை தளர்நடையிட்டு வரும் பருவம். அம்புலி தொலைவில் உள்ள நிலவைச் சுட்டி அழைக்கும் பருவம்.

குழந்தையின் உடல் இன்று எதைச் செய்ய முனைகிறதோ அதற்கேற்ற பாட்டைப் பாடு என்பதே இவ்வரிசை சொல்லும் செய்தி. புத்தகம் வாங்கும்போதும் இதே விதி பொருந்தும். ஆறு மாதத்தில் குழந்தை எதையும் வாயில் வைக்கும். எனவே துணிப் புத்தகம் அல்லது கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு பெரிய படம். ஒன்பது, பத்து மாதத்தில் கைகொட்டும். எனவே தட்டவும் தடவவும் திறந்துபார்க்கவும் இடம்தரும் புத்தகம். ஒரு வயதின்பின் சுட்டிக்காட்டும். எனவே நாய் எங்கே, நிலா எங்கே என்று தேடவைக்கும் புத்தகம். ஒன்றரை வயதின்பின் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும் சிறுகதை. இரண்டு வயதில் அடுத்த சொல்லைக் குழந்தையே சொல்லி முடிக்கும் பாட்டு.

அயல்நாட்டார் கண்டறிந்தவை

மேலைநாட்டாரும் காலப்போக்கில் இவ்வழிக்கே வந்துள்ளனர். 1940இல் அமெரிக்காவில் டொரதி குன்ஹார்ட் வெளியிட்ட நூலொன்று முயலின் மென்மயிரைக் குழந்தை தடவிப் பார்க்கும்படி அமைந்தது. 1981இல் இங்கிலாந்தின் ஓவியர் ஹெலன் ஒக்சன்பரி, உண்பது உடுப்பது விளையாடுவது ஆகிய அன்றாடச் செயல்களையே வரைந்து சின்னஞ்சிறு அட்டைப் புத்தகங்களை வெளியிட்டார். 1989இல் பொஸ்டன் நகர மருத்துவமனையில், குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவரே பெற்றோருக்குப் புத்தகம் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. 1992இல் பேர்மிங்ஹாம் நகரில் முந்நூறு குடும்பங்களுடன் தொடங்கிய இலவசப் புத்தகத் திட்டம் பின்னர் நாடளாவியதாக வளர்ந்தது. இங்கிலாந்தில் வாழும் எம்மவர் தம் குடும்பநலத் தாதியிடமோ உள்ளூர் நூலகத்திலோ இதுபற்றிக் கேட்டறியலாம்.

பாட்டின் பயனையும் ஆய்வாளர் அளந்துள்ளனர். ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த உளவியலாளர் பீற்றர் பிரையன்ற் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் மழலைப் பாடல்களை நன்கறிந்த பிள்ளைகள் சொற்களின் ஒலிகளைப் பிரித்துணர்வதிலும் பின்னர் வாசிப்பதிலும் முன்னின்றமை தெரியவந்தது. எதுகையும் மோனையும் வெறும் அழகல்ல. பந்து, வந்து என்னும் இரு சொற்கள் எங்கே ஒத்து எங்கே வேறுபடுகின்றன என்பதைக் கேட்கும் காதுதான் பிற்காலத்தில் எழுத்தைக் கற்கிறது. ஆதலால் எழுத்துக்கு முன் ஓசை என்பதே எம் முடிபு. அரிச்சுவடிப் படங்களை இரண்டு வயதுக் குழந்தைமுன் விரித்து ‘இது என்ன எழுத்து?’ என்று வினவுவதைவிட, ஒரு பாட்டைப் பத்துமுறை பாடுவது மேல்.

தெரிந்தெடுக்கும் முறை

கடையில் நிற்கும்போது சிலவற்றைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவில் தடையின்றி ஓடுகிறதா? படிக்கும் உங்களுக்கே அலுப்பூட்டும் புத்தகத்தைக் குழந்தைக்கு ஐம்பதாம் முறை படிக்க உங்களால் முடியாது. குழந்தையோ நூறாம் முறையும் கேட்கும்.

இரண்டாவது, ஓசைச் சொற்கள் உண்டா என்று பாருங்கள். சலசல, கலகல, குடுகுடு, பளபள போன்ற இரட்டைக்கிளவிகள் தமிழின் தனிச்செல்வம். பேசத் தொடங்காத குழந்தையும் இவற்றைச் சொல்ல முயலும்.

மூன்றாவது, படத்திலுள்ள பொருள் குழந்தை கண்ட பொருளா? பனிமனிதனையும் முள்ளெலியையும் ஃபர்வானியாக் குழந்தை கண்டதில்லை. புறா, பூனை, குபூஸ், தண்ணீர்க் குவளை, செருப்பு, அப்பாவின் கைக்கடிகாரம் ஆகியவற்றை நாள்தோறும் காண்கிறது. அறிந்ததைப் படத்தில் கண்டு மகிழ்ந்த பின்னரே அறியாததன்மீது விருப்பம் எழும்.

நான்காவது, அறிவுரை மிகுந்த புத்தகத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். பாரதியாரின் ‘பாப்பா பாட்டு’ நம் பிள்ளைகள் கற்கவேண்டியதே. ஆயினும் அது பொருளறிந்து கேட்கும் வயதுக்குரியது. இரண்டு வயதுக்கு ஆட்டமும் ஓசையும் சிரிப்புமே வேண்டும்.

இவ்வகையில் எமக்குப் பஞ்சமில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் காக்கையையும் எளிய சொற்களில் பாடினார். வங்கியொன்றில் பணிபுரிந்தவாறே அழ. வள்ளியப்பா (1922–1989) குழந்தைகளுக்கென்றே வாழ்நாளெல்லாம் எழுதினார். ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டைக் கேட்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிது. பெயரறியாத தாய்மார் விட்டுச்சென்ற சாய்ந்தாடும் பாட்டும், கைவீசும் பாட்டும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல்விரலாகச் சோறூட்டி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டும் புத்தகமே வேண்டாதவை.

தாலாட்டில் மறைந்துள்ள நன்மை வேறொன்றும் உண்டு. மாமன், அத்தை, பாட்டன், பாட்டி என்று உறவினரை ஒவ்வொருவராக அழைத்து வரும் தாலாட்டுகள் உறவுப் பெயர்களை நாள்தோறும் குழந்தையின் காதில் இடுகின்றன. கண்ட அனைவரும் ‘அங்கிள்’, ‘ஆன்ரி’ ஆகிவிட்ட புலம்பெயர் வாழ்வில், பெரியம்மாவுக்கும் மாமிக்கும் வேறுபாடு கற்பிக்க இதனினும் இலகுவான வழி இல்லை.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும்

தமிழ்ச் சிறுவர் நூல்களில் ஓர் இடர் உண்டு. குழந்தை வீட்டில் கேட்பது ஒரு தமிழ். நூலில் அச்சாகியிருப்பது இன்னொரு தமிழ். ‘பூனை பாலைக் குடிக்கின்றது’ என்று படித்தால் ஒன்றரை வயதுக் குழந்தை அதனைத் தன் வீட்டு மொழியாக உணராது. எனவே கதைகளை வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தவர் தம் வழக்கிலும், மட்டக்களப்பார் தம் வழக்கிலும், நெல்லையார் தம் வழக்கிலும் சொல்லுதல் குற்றமன்று. பாட்டுகளை மட்டும் உள்ளபடியே பாடுங்கள். அவற்றின் தாளமே எழுத்துத் தமிழை மெல்லப் பழக்கிவிடும்.

கிடைக்கும் இடமும் செய்யும் வழியும்

சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழுடன் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படநூல்களை வெளியிட்டு வருகிறது. தமிழ் வாசிக்கத் தயங்கும் இளம் பெற்றோருக்கு இவை உதவும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம். முதல் நிலைக் கதைகளைத் தெரிந்தெடுப்பது போதும். ஊருக்குச் சென்று திரும்புவோரிடம் இனிப்புப் பொதிக்குப் பதிலாக இரண்டு புத்தகங்கள் கொண்டுவரச் சொல்லலாம்.

தமிழ்ப் புத்தகம் கிடைக்காவிடினும் தளரவேண்டியதில்லை. குவைத்தில் 1975 முதல் நடைபெற்றுவரும் அனைத்துலகப் புத்தகக் கண்காட்சியிலோ, சார்ஜாவில் 2009இல் தொடங்கிய சிறுவர் வாசிப்பு விழாவிலோ வாங்கும் அரபுப் படப்புத்தகமும் பயன்படும். வலப்புறமிருந்து திறக்கும் அப்புத்தகத்தின் படங்களுக்குத் தமிழில் கதை சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

பணவசதி அற்றோர் தாமே செய்யலாம். பக்காலாவில் கேட்டால் வெற்று அட்டைப்பெட்டி தருவர். உள்ளங்கை அகலத்தில் ஆறு துண்டுகள் வெட்டி, மூலைகளைக் குழந்தையின் கண்ணில் குத்தாதவாறு வளைத்து நறுக்குங்கள். அம்மம்மா, தாத்தா, ஊர்வீடு, கிணற்றடி, அயல்வீட்டுப் பூனை ஆகியவற்றின் ஒளிப்படங்களை ஒட்டி, மேலே அகலமான ஒட்டுநாடாவால் மூடுங்கள். ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் கட்டுங்கள். கம்பி முள்ளோ குண்டூசியோ வேண்டாம், குழந்தை விழுங்கிவிடும். தன் உறவினரின் முகம் நிறைந்த இப்புத்தகத்தைப்போல வேறெதுவும் குழந்தையை ஈர்ப்பதில்லை.

கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பாட்டுப் படம் ஓடவிடுவது எளிதுதான். ஆயினும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஒரு வயதிலும் பரிந்துரைக்கத்தக்கதன்று, இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாதிருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. திரை பாடும், குழந்தை சிரிக்கும்போது நின்று மீண்டும் அந்த இடத்தையே பாடாது.

தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு

குடும்பத்தை உடன் வைத்திருக்கும் பேறு எல்லோர்க்கும் கிட்டுவதில்லை. 2024 சனவரியில் குவைத் குடும்ப விசாவை மீண்டும் வழங்கத் தொடங்கியபோது, மாத ஊதியம் குறைந்தது 800 தினார் இருக்கவேண்டும் என விதித்தது. சாதாரணத் தொழிலாளி எட்ட முடியாத தொகை அது. ஆகவே நாகப்பட்டினத்திலும் மன்னாரிலும் மழலையை விட்டுவந்து, ஃபர்வானியாவில் ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் தந்தையர் பலர். பிறர் வீட்டுக் குழந்தையைத் தாலாட்டித் தம் குழந்தையை நினைந்திருக்கும் பணிப்பெண்களும் பலர்.

இவர்களுக்கும் வழி உண்டு. ஒரே புத்தகத்தில் இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை ஊருக்கு அனுப்பி, மற்றதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். குவைத்துக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. இங்கு மாலை ஐந்தரை என்றால் அங்கு இரவு எட்டு. குழந்தை உறங்கப்போகும் நேரம். அங்கே பாட்டி பக்கத்தைப் புரட்ட, இங்கிருந்து தந்தை படிக்கலாம். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, உறவினரோடு முகம்பார்த்துப் பேசும் அழைப்புக்கு 2016இல் விலக்களித்தது. வேலை முடியும் நேரம் பொருந்தாதவர் ஒரு தாலாட்டைத் தம் குரலில் பதிவுசெய்து அனுப்பிவைக்கலாம். குரல் நன்றாக இல்லையே என்று தயங்கவேண்டாம். குழந்தைக்கு வேண்டியது சங்கீதம் அன்று. தன் தாயின் குரல்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, ஒரு புத்தகம், உறங்குமுன் ஒரு தாலாட்டு. வாசக அன்பர்கள் இன்றிரவே தொடங்கலாம். தம் பாட்டி பாடிய பாட்டில் பாதி மறந்துபோனவர், ஊருக்குத் தொலைபேசி எடுத்து மூத்தோரிடம் மீதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். அம்மூத்தோர் இருக்கும்போதே அதைச் செய்துவிடவேண்டும்.