மஞ்சள் குளிசையும் தமொக்சிபெனும்

குசினி மருந்து – 6

சென்ற வாரம் கருஞ்சீரகத்தைப் பற்றி எழுதியதிலிருந்து ஓட்டமாவடிச் சந்தைப் பக்கம் போனால் ஒரே கேள்விதான்: "அப்ப மார்புப் புற்றுநோய்க்கும் அது கேட்குமா?" மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டென்ற நபிமொழியைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த ஊர். நோய் என்று தெரிந்த வீட்டுக்குக் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல் தானாக வந்து சேர்ந்துவிடும்.

கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் ஆய்வுகூடத் தட்டில் வளரும் மார்பகப் புற்றுக் கலங்களைக் கொல்வது உண்மை. நம் நாட்டு ஆய்வாளர் ஐரா தாப்ரூவும் சகாக்களும் கருஞ்சீரகமும் நன்னாரியும் சேர்ந்த ஒரு நாட்டுக் கசாயத்தை எலிகளில் சோதித்து 2003இலும், மனித ஈரல் புற்றுக் கலங்களில் சோதித்து 2005இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டுமே ஈரல் புற்றுநோய் பற்றியவை. தட்டில் நேரே ஊற்றுகிற அளவு, வாயால் குடித்தபின் இரத்தத்தில் சேருமா என்பது வேறு கணக்கு.

செடியை ஆஸ்பத்திரி ஒதுக்கிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கீமோ வார்டில் ஏற்றும் பாக்லிடாக்செல், 1962இல் அமெரிக்காவில் வெட்டிச் சேர்த்த பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது 1994இல். இன்னொரு கீமோ மருந்தான வினோரெல்பின் நம் வாசலில் பூக்கும் பட்டிப்பூவின் வம்சம். அதற்காகப் பட்டிப்பூ இலையை யாரும் அவித்துக் குடித்துவிட வேண்டாம், அது நஞ்சு.

இந்த வாரம் மஞ்சளுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து தினம் ஒரு தமொக்சிபென் குளிசை எடுப்பவர். கிளினிக் கொப்பி வைத்திருந்த சீலைப் பைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் அடைத்த குளிசை. மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது.

"கறிக்குப் போடுற மஞ்சளத்தானே குளிசையாக்கி வெச்சிருக்காங்க? குடிச்சாப் பிழையா?"

அளவில்தான் வில்லங்கம். மஞ்சளின் முக்கியச் சேர்மமான குர்குமின், மஞ்சள்தூளில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. அதனால்தான் மிளகைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தால் இரத்தத்தில் சேர்வது இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். குளிசை விற்பவர்களுக்கு அன்றைக்கே வாசல் திறந்துவிட்டது.

தமொக்சிபென் விழுங்கியவுடன் முழு வேலை செய்கிற மருந்து அல்ல. ஈரலிலுள்ள நொதியங்கள் அதை எண்டொக்சிபெனாக மாற்ற வேண்டும். பெண் ஓமோனான ஈஸ்திரஜன் போய் ஒட்டுகிற இடத்தைப் பலமாக அடைத்து நிற்பது அதுதான். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் தமொக்சிபென் எடுக்கும் 16 பேருக்கு நாளுக்கு மூன்று வேளை 1,200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். எண்டொக்சிபென் 7.7 சதவீதம் குறைந்தது. பைப்பரினையும் சேர்த்தபோது குறைவு 12.4 சதவீதம். 2019இல் வெளியான ஆய்வு இது. அந்த அளவு குர்குமினைக் கறியிலிருந்து பெறுவதென்றால் ஒரு நாளைக்கு 120 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். நம் நாட்டில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, 2020இல் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்ற காலத்தில் அதை எந்த வீடு தாங்கியிருக்கும்!

கீமோ நடக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சைக்ளோபொஸ்பமைட் என்ற கீமோ மருந்து கொடுத்த எலிகளுக்கு உணவில் குர்குமினைச் சேர்த்தபோது மருந்தின் வேகம் தணிந்ததாக 2002இலேயே அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. மறுபக்கமும் உண்டு. ஆர்மேனியாவில் முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள 150 பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பாக்லிடாக்செலோடு வாரம் ஒருமுறை 300 மில்லிகிராம் குர்குமினை நரம்பில் ஏற்றினார்கள். கட்டி சுருங்கியவர்கள் 51 சதவீதம். வெறும் பாக்லிடாக்செல் பெற்றவர்களில் 33. இது 2020இல் வந்த முடிவு. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அது டொக்டர் அளந்து நரம்பில் ஏற்றியது. பாமசியில் வாங்கி விழுங்கியது அல்ல.

மாமி அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டினார். குளிசையை நிறுத்தச் சொன்ன டொக்டர், மீன் ஆணத்துக்கு மஞ்சள் போடுவதைத் தடுக்கவில்லை. திரும்பி வந்தவருக்கு வேறொரு சந்தேகம். பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்களாம், சோயா மீட்டில் பெண் ஓமோன் இருக்கிறது, இந்த நோய்க்காரர் தொடவே கூடாதென்று.

சோயாவிலிருப்பது ஐசோபிளேவோன், ஈஸ்திரஜனின் சாயல் கொண்ட, அதைவிடப் பலம் குறைந்த சேர்மம். ஷங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து தேறிய 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடையே மரணமும் நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன, தமொக்சிபென் எடுத்தவர்கள் உட்பட. அவர்கள் சாப்பிட்டது டோஃபு, சோயாப்பால் போன்றவை. நம் பக்கெட் சோயா மீட்டில் உப்பும் சுவைத்தூளும் கூட. ஊறவைத்துப் பிழிந்து, தூள் பக்கெட்டை வீசிவிட்டு வீட்டு மசாலாவில் ஆக்கச் சொன்னேன்.

(தொடரும்)