ஒரே மைதானம்... பந்தும் ஓடும், பைக்கும் ஓடும்!

குழந்தைகளே! ஒரே மைதானத்தில் ஒரு நாள் கால்பந்து, மறுநாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்குமா? நடக்கும்! இங்கிலாந்து, போலந்து போன்ற நாடுகளில் இப்படி நடந்திருக்கிறது.

நடுவில் பச்சைப் புல்தரை. அதில் கால்பந்து ஆடுவார்கள். புல்தரையைச் சுற்றி முட்டை வடிவத்தில் மண் பாதை. அதில் நடப்பதுதான் ‘ஸ்பீட்வே’ பந்தயம்.

ஒரு பந்தயத்தில் 4 வீரர்கள் 4 சுற்றுகள் ஓட்டுவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்! முதலில் வருபவருக்கு 3 புள்ளிகள், இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. கடைசியில் வருபவருக்கு முட்டை!

இந்த 500 சி.சி. வண்டிக்கு ஒரே கியர்தான். பிரேக் கிடையவே கிடையாது! முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் வருபவர் மோதிவிடுவார் அல்லவா? வளைவு வந்தால் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திருப்புவார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவார்கள். அந்தக் காலணியின் அடியில் இரும்புத் தகடு இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. கால்பந்துக் களத்தின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் என்றால் சுற்றளவு என்ன? 346 மீட்டர். ஸ்பீட்வே பாதையின் நீளமோ 260 முதல் 425 மீட்டர் வரைதான். செவ்வகத்தை ஒட்டி முட்டை வடிவத்தில் பாதை போட்டால் நான்கு மூலைகளும் இடிக்குமே! அதனால் சில அரங்குகளில், பந்தய நாளன்று மூலைப் புல்லை எடுத்துவிட்டு, கால்பந்துக்கு முன் மறுபடி பதித்துவிடுவார்கள்.

லண்டனில் 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெம்ப்ளி அரங்கில் கால்பந்தும் ஸ்பீட்வேயும் நாய்ப் பந்தயமும் நடந்தன. ஸ்பீட்வே உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் இறுதிப் போட்டி 1936இல் அங்கேதான் நடந்தது.

1966இல் இங்கிலாந்தில் உலகக் கோப்பைக் கால்பந்து. பிரான்ஸ் – உருகுவே ஆட்டம் ஜூலை 15, வெள்ளிக்கிழமை. ஆனால் வெள்ளிக்கிழமை வெம்ப்ளியில் வழக்கமான நாய்ப் பந்தய நாள்! அதை விட்டுக்கொடுக்க அரங்கின் உரிமையாளர் சம்மதிக்கவில்லை. கடைசியில் உலகக் கோப்பை ஆட்டம்தான் ‘ஒயிட் சிட்டி’ என்ற வேறு அரங்குக்கு மாறியது. பெரிய ஆட்டம் வந்துவிட்டது என்பதற்காக, சின்ன ஆட்டத்தின் முறை பறிபோகவில்லை!

நம் நாட்டிலும் இப்படி ஓர் அரங்கு உண்டு. ஆமதாபாத்தில் உள்ள ‘ஏகா அரேனா’வில் 2016இல் கபடி உலகக் கோப்பை நடந்தது. இறுதிப் போட்டியில் ஈரானை வென்றது இந்தியா. 2019இல் அங்கே சர்வதேசக் கால்பந்துப் போட்டி. 2024இல் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் அமைத்து, பைக்குகள் தாவிப் பறக்கும் ‘சூப்பர்கிராஸ்’ பந்தயமும் நடந்தது.

நம் குடுமியான்மலை போன்ற ஊர்களில் இத்தனை பெரிய அரங்கு இல்லை. ஒரே பொட்டல்தான், கபடி, கிரிக்கெட், கால்பந்து எல்லாம் அதில்தான். பெரிய அண்ணன்கள் மட்டையோடு வந்துவிட்டால், சின்னப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

வெம்ப்ளி செய்ததை நாமும் செய்யலாமே! எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருக்கு மைதானம் என்று ஓர் அட்டையில் எழுதிப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். ஆடி முடித்ததும் குழிகளை மண் போட்டு மூடிவிட்டுப் போங்கள். அடுத்து ஓடி வரும் தம்பியின் கால் பிசகாமல் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஸ்பீட்வே வண்டிகள் சாலையில் ஓட்டுவதற்கானவை அல்ல. ஓட்டுகிறவர்களும் பயிற்சி பெற்றவர்கள். 18 வயதாகி, உரிமம் வாங்கும்வரை அப்பாவின் பைக் சாவியை நீங்கள் தொடக்கூடாது. அதுவரை உங்களுக்குப் பந்து இருக்கிறது, மைதானம் இருக்கிறது. முறை வைத்து ஆடுங்கள்!

– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடுமியான்மலை