தூங்க மறுக்கும் கணினி

அப்பா, அம்மா, பாட்டி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் கிங்ஸ் சர்க்கிள் வீடுகளில், நடுராத்திரியில் கம்ப்யூட்டர் தானாக விழித்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. பேயுமில்லை, பெரும்பாலும் வைரஸுமில்லை.

1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா வகுத்த ஏசிபிஐ விதிமுறைப்படி, உறங்கும் கணினியின் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மௌஸ், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு, நேரம் குறித்து வைத்த அப்டேட் - எதுவும் அதை எழுப்பலாம். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் ஹார்பர் லைன் ரயிலின் அதிர்வுக்கு மேஜை ஆடினால்கூடப் போதும், சில மௌஸ்கள் அதை அசைவென்று எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் குற்றவாளியைப் பிடிப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி லாஸ்ட்வேக்' கட்டளை கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சாதனம் என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், எழுப்பும் அனுமதியை ரத்து செய்யலாம். அப்டேட் என்றால், பவர் ஆப்ஷன்ஸில் 'வேக் டைமர்'களை நிறுத்தலாம்.

மழைக்காலத்தில் வெள்ளத்துக்குப் பேர்போன இந்தப் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை: மின்சாரம் போனால், சேமிக்காத வேலையும் சேர்ந்தே போகக்கூடும். அதற்கு, எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் 'ஹைபர்னேட்'தான் பாதுகாப்பு.