வாகனம் பயிலும் இளைஞரும் மயக்கப் பொருள்களும்

நமது மதுரைச் சீமையில் பதினெட்டு வயது நிறைந்த ஓர் இளைஞன் முதன்முதல் ஆவலுடன் நாடிப்பெறும் அரசாங்கப் பத்திரம் யாதெனின், எல்.எல்.ஆர். என்று யாவரும் வழங்கும் பழகுநர் உரிமமே அஃதாகும். வாக்காளர் பட்டியலில் தன் பெயர் ஏறியதா என்று கேளாதவனும், பிறந்தநாள் கழிந்த மறுவாரமே இதற்கு விண்ணப்பம் செய்துவிடுவான். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்ப்புறங்களில் வற்றிய கண்மாய்களின் நடுவே அதிகாலையில் நின்று பார்ப்போமாயின், புழுதியில் எட்டுப் போட்டுப் பழகும் இளைஞரைக் காணலாம். இக்காட்சி மகிழ்வு தருவதே. ஆயின் அதே இளைஞர், அதே வாகனத்தில், திருவிழா இரவொன்றில் எந்நிலையில் செல்கின்றனர் என்பதே ஈண்டு யான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் சட்டம் கூறுவதை அறிதல் நலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுவிடத்தில் வாகனம் ஓட்டுதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருத்தல் வேண்டும். 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடைய இருசக்கர வாகனத்தை மட்டும் பதினாறு வயதினர் ஓட்டலாம். இக்காலத்துக் கடைகளில் விற்கும் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை. எனவே பள்ளி மாணவர்க்கு அவ்விலக்கு பெயரளவிலேயே பயன்படுவது. பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். வெண்மையான பலகையில் சிவந்த ‘எல்’ எழுத்தை முன்னும் பின்னும் பொருத்துதல் வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். இருசக்கர வாகனத்திற் பழகுவோன் அப்பயிற்றுநரையன்றி வேறெவரையும் பின்னால் ஏற்றுதல் கூடாது. இவ்விதிகளுள் முதலாவதை ஒருசிலரும் கடைசியானதை ஏறத்தாழ ஒருவருமே கைக்கொள்ளாமையை நம் கல்லூரி வாயிலில் நின்றே காணலாம்.

இப்பொருளை நான் எடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகட்கு முன், எங்கள் ஊர்க் கோயில் கொடை நடந்த இரவில், என் சித்தப்பாவின் மகன் பழகுநர் உரிமம் பெற்றுப் பதினைந்து நாளே ஆகியிருந்தான். அவனினும் மூத்த நண்பர் சிலர் தோப்பில் அவனுக்கு ஒரு பீர் கொடுத்தனர். “ஒன்றுதானே!” என்று அவன் என்னிடமே கூறினான். சித்தப்பாவிடமிருந்து அவன் சாவி வாங்குங்கால் நானும் அருகில் நின்றேன். அவன் வாயின் நாற்றத்தை நான் உணர்ந்தேன். உணர்ந்தும் விழாநாளில் ஒரு சண்டையை விளைப்பானேன் என்று வாளா இருந்தேன். கண்மாய்க் கரையின் வளைவில் வண்டி சரிந்தது. அவனுக்கு முன்கை எலும்பும், பின்னால் அமர்ந்திருந்த அண்டைவீட்டுச் சிறுவனுக்குத் தொடை எலும்பும் முறிந்தன. அச்சிறுவன் பள்ளியில் ஓராண்டை இழந்தான். அவனுடைய தாயாரை வழியிற் காணுந்தோறும் இன்றும் நான் தலைகுனிந்தே செல்கின்றேன்.

“ஒன்றுதானே” என்ற அச்சொல்லை ஒரு கணக்கினால் சோதித்துப் பார்ப்போம். 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராம் சாராயச்சத்து என்பதே நம் நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை. 650 மில்லிலிட்டர் கொள்ளும் வன்மையான பீர்ப் புட்டியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு சாராயச்சத்து உளதெனின், அதன் எடை ஏறத்தாழ 41 கிராம் ஆகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஓர் இளைஞன் அதனை ஒருங்கே அருந்தினால், அவன் குருதியில் 100 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். அதாவது எல்லையைப்போல் மும்மடங்குக்கு மேல்! ‘குவாட்டர்’ என்று கடைகளில் வழங்கும் 180 மில்லிலிட்டர் பிராந்தியாயின் 150 மில்லிகிராம் வரை செல்லும். ஈரல் அதனைக் கழிக்கும் வேகமோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராமே. ஆகவே இரவு பத்து மணிக்குக் குவாட்டர் அருந்தியவன், காலை ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கிக் காப்பி குடித்துத் தெளிந்தவனாய்த் தோன்றினும், அப்பொழுதுதான் சட்டத்தின் எல்லையை அணுகியிருப்பான். காப்பியும் மோரும் எலுமிச்சைச் சாறும் தலையில் ஊற்றும் தண்ணீரும் இக்கணக்கில் ஒரு மில்லிகிராமையும் குறைப்பனவல்ல. விடுதி நண்பர் பலர் இதனை நம்ப மறுக்கின்றனர். ஆயினும் உண்மை இதுவே.

ஒரே அளவு மது முதிர்ந்த ஓட்டுநனைக் காட்டிலும் இளைஞனை மிகுதியும் கெடுப்பது ஏன்? பழகியவனுக்குப் பிரேக்கும் கியரும் கைகால்களின் பழக்கமாகவே ஆகிவிட்டன. அவன் கருத்து சாலையின்மேல் இருக்கும். பழகுவோனுக்கோ ஒவ்வொன்றும் எண்ணிச் செய்யவேண்டிய செயல். மது முதலில் கெடுப்பது அவ்வெண்ணத்தையே. ‘இவ்வளவு வேகம் ஆகாது’ என்று தடுக்கும் அறிவு கால் தள்ளாடுமுன்னரே தள்ளாடிவிடுகின்றது. அத்தகைய தடுப்புணர்வுக்கு இருப்பிடமான மூளையின் முற்பகுதி, இருபத்தைந்து வயது அளவில்தான் முழு வளர்ச்சி எய்தும் என்பர் மருத்துவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். அரை நொடி தாழ்த்துப் பிரேக்கை மிதித்தால், எட்டு மீட்டருக்கு மேல் வண்டி தானே ஓடும்; அது நம் நகரப் பேருந்தின் நீளத்தில் முக்கால் பங்கு. முன்னே மாடு ஒன்று குறுக்கிடுமாயின் அவ்வெட்டு மீட்டரே உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி.

இனிக் கஞ்சாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மதுவைக் காட்டிலும் இதுபற்றிய பிழையான கருத்துகளே நம்மவரிடை மிகுதி. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’ என்னும் பெயரால் தமிழ்நாட்டுக் காவல்துறை மாநிலம் முழுவதும் தேடுதல் நிகழ்த்திற்று. மதுரையைச் சூழ்ந்த ஊர்களும் அதில் விலக்கல்ல. எனினும் இளைஞர் சிலர், “குடித்தவன்தான் பறப்பான், கஞ்சா அடித்தவன் மெதுவாகவே போவான்” என்று வாதிடுகின்றனர். இதில் பாதி உண்மை உளது. தீங்கு விளைப்பதும் அப்பாதியே. சோதனைக்கூடங்களில் செயற்கை வாகனங்களில் அமர்த்திப் பார்த்த ஆராய்ச்சியாளர், கஞ்சா உட்கொண்டோர் சற்று வேகம் குறைத்தே ஓட்டுவதைக் கண்டனர். ஆயின் அவர்கள் தம் தடத்தில் நேரே செல்லமாட்டாது இருபுறமும் அசைவதையும், இரண்டு பொருள்களை ஒருங்கே கவனிக்கவேண்டிய இடத்தில் தவறுவதையும் உடன் கண்டனர். எதிரில் லாரி, பக்கத்தில் சைக்கிள், முன்னால் பள்ளம் என்னும் நம் சாலைகளில், ஒன்றையே கவனித்துச் செல்லும் இடம் ஏது? மதுவும் கஞ்சாவும் சேருமிடத்துக் கேடு தனித்தனி உள்ளதினும் மிகுகின்றது. விழா இரவுகளில் அவை பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. காவலர் கையிலுள்ள மூச்சுக் கருவி மதுவைக் காட்டுமேயன்றிக் கஞ்சாவைக் காட்டாது. கஞ்சாவின் சத்து கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. அதன் எச்சம் சிறுநீரில் பல நாள் காணப்படும். ஆகவே சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டவன் அந்நேரத்தில் மயங்கியிருந்தான் என்று துணிதற்கில்லை. சட்டத்தின் 185-ஆம் பிரிவும் மதுவுக்கு எண்ணால் எல்லை வகுத்து, பிற மயக்கப் பொருள்களுக்கு ‘வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவு’ என்று மட்டுமே கூறுகின்றது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், வழியில் நிறுத்தி உமிழ்நீரைச் சோதிக்கும் முறையை உலகில் முதன்முதலாகத் தொடங்கிற்று.

தண்டனைகள் கடுமையாகவே உள்ளன. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், மயக்கத்தில் வாகனம் ஓட்டும் முதற் குற்றத்திற்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவன் வாகனத்தாற் குற்றம் இழைப்பின், 199அ பிரிவின்படி பெற்றோரோ வாகன உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்கவேண்டும். அச்சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. இத்துணையும் இருந்தும் 2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் புனே நகரில் நிகழ்ந்ததை நாடே அறியும். மது அருந்தி உயர்விலைக் காரை ஓட்டினான் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற பதினேழு வயதுச் சிறுவனால், பைக்கில் சென்ற இரு இளம் பொறியாளர்கள் மாண்டனர். சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுக என்னும் நிபந்தனையுடன் அன்றே அவனுக்குப் பிணை அளிக்கப்பட்டது. (இக்கட்டுரையோ அவ்வளவைக் கடந்து நெடுந்தூரம் வந்துவிட்டது, எழுதுவதால் மாத்திரம் ஒன்றும் ஆவதில்லை என்பதை அறிந்தே எழுதுகின்றேன்.) குருதி மாதிரியே மாற்றப்பட்டதென்ற குற்றச்சாட்டில் மருத்துவரும் கைதாயினர்.

கடையை அகற்றினால் போதாதோ என்று கேட்போர் உளர். நம் மாகாணம் இதிற் பழைய அனுபவம் உடையது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்தின் கையில் வந்தது. அன்றைய மதுவிலக்கு காப்பாற்ற எண்ணியது ஏழைத் தொழிலாளியின் குடும்பத்தை. அக்காலத்தில் சாலையைப் பற்றி அத்துணைக் கவலை கொள்ளவும் வேண்டியதில்லை. ஏனெனில் குடித்தவன் பாரவண்டியில் உறங்கிவிட்டாலும் காளைகள் வழியறிந்து வீடு சேர்க்கும். மோட்டார் சைக்கிளுக்கு அவ்வறிவு இல்லை. சாலையை முன்னிட்டு எழுந்த வழக்கும் நம் தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த அவ்வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருத்தலாகாதென 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் மூடப்பெற்றன. ஆயின் அவ்வாண்டு ஜூலையிலேயே நகராட்சி எல்லைகளுக்கு இவ்விதி பொருந்தாதென நீதிமன்றம் விளக்கிற்று. நெடுஞ்சாலைப் பயணிக்கு அத்தீர்ப்பு நன்மை செய்தது என்றே நான் கருதுகின்றேன். எங்கள் ஊர்த் தோப்பிற்கோ அது எட்டவில்லை. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர்க்கு மது விற்றலாகாது என்பது விதி. வாங்கியவன் அவ்வயதைக் கடந்தவனே, குடித்தவனே கடவாதவன்.

பிறநாட்டார் வழிகளுள் எனக்கு மிகவும் ஏற்புடையதாய்த் தோன்றுவது நியூசிலாந்து 1987-இல் மேற்கொண்ட படிமுறை உரிமமே. இளைஞனுக்கு உரிமத்தை ஒருங்கே அளித்துவிடாது, இரவு பத்து மணிக்கு மேல் தனித்து ஓட்டலாகாது, நண்பரை ஏற்றலாகாது என்று தொடக்கத்தில் கட்டுப்படுத்திப் பின்னர்ச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். 2011 முதல் அங்கு இருபது வயதுக்கு உட்பட்ட ஓட்டுநர்க்கு மதுவின் எல்லை சுழியமே. நம் நாட்டிலோ முப்பது ஆண்டு ஓட்டியவனுக்கும் மூன்று நாள் ஓட்டியவனுக்கும் எல்லை ஒன்றே. 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளால் இந்தியாவில் 1,68,491 பேரும், தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேரும் மாண்டனர். நாட்டளவில் மாண்டோருள் நூற்றுக்கு நாற்பதின் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்நிலையில் பழகுநர்க்கேனும் சுழிய எல்லையை வகுத்தல் தகும்.

சட்டம் வரும்வரை செய்யத்தக்கன வீட்டிலேயே உள்ளன. குடித்த பின் சாவியைக் கேட்டால் எவனும் கொடான்; ஆதலின் விழாவுக்குப் புறப்படுமுன்னரே, இன்றிரவு ஓட்டுபவன் யார், அவன் ஒன்றும் தொடாதிருப்பானா என்பதை முடிவு செய்துவிடல் வேண்டும். நடு இரவில் மகன் அழைத்தால், வசையை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு அன்று ஆட்டோவுடன் சென்று அழைத்துவரும் தந்தை, நூறு அறிவுரை கூறும் தந்தையினும் மேலானவர். ஏனெனில் வசைக்கு அஞ்சியே பலர் தாமே ஓட்டி வீடு திரும்புகின்றனர். பின்னால் ஏறி அமர்பவனுக்கும் ‘நான் வரவில்லை’ என்று கூறும் உரிமை உண்டு; அதனைக் கூறுவதும், அருகில் நிற்பவன் வாய்திறப்பதும் எத்துணை அரிய செயல்கள் என்பதை நான் அறிவேன்.

என் தம்பி கை தேறியபின் மீண்டும் பழகுநர் உரிமம் பெற்று, சென்ற ஆண்டு எட்டுப் போட்டுத் தேறினான். மேலே எழுதிய பீர்க் கணக்கை அவனும் நானும் ஒருங்கிருந்தே போட்டோம். விடை கண்டு அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மற்ற நாட்களில் வண்டிச் சாவி வாசற் கதவருகே ஆணியில் தொங்குகின்றது. கோயில் கொடை தொடங்கும் நாளன்று மாத்திரம் அது சித்தியின் முந்தானை முடிச்சுக்குப் போய்விடும். சித்தப்பா கேட்டாலும் கிடைப்பதில்லை.